பதினைந்தாவது விதை

என் நோயின் முதல் அறிகுறியை நான் இடுக்கியால் பிடித்து ஓரமாகத் தள்ளப் பார்த்தேன். காரைக்காலில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். விதை நெல் எழுபது கிராம் மேசைக்கு வரும். அதை வெள்ளைப் பலகையில் பரப்பி, நல்ல விதை, வேறு பயிர் விதை, களை விதை, தூசி தும்பு என்று மணி மணியாகப் பிரிக்க வேண்டும். அன்று பலகையில் ஒரு கருப்புப் புள்ளி கிடந்தது. களை விதை என்று இடுக்கியைக் கொண்டுபோனால் நகர்ந்துவிட்டது. மறுபடி கொண்டுபோனேன், மறுபடி நகர்ந்தது. பக்கத்து மேசையில் இருந்த கனகவல்லி அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன ஸ்டெல்லா தொரத்துறே, எறும்பா?"

"களை விதைக்கா. புடிபட மாட்டேங்குது."

"பலகையில ஒண்ணுமே இல்லையே."

புள்ளி பலகையில் இல்லை, என் வலது கண்ணுக்குள் இருந்தது. சம்பா பருவத்துக்கு முன்னால் மாதிரிகள் மூட்டை மூட்டையாக வந்து கிடந்த நேரம். அசதி என்று நானே முடிவு கட்டி மூன்று நாள் ஓட்டினேன். கண்ணோரத்தில் அவ்வப்போது மின்னல் வெட்டியது. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்: குழல் விளக்கு சரியில்லை. விளக்கை மாற்றச் சொல்லி எழுத்துப் பூர்வமாக மனுக் கொடுத்தேன், மாற்றியும் கொடுத்தார்கள். நான்காம் நாள் காலை, கோவில்பத்தில் எங்கள் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, வலது கண்ணின் கீழ்ப்பாதியில் சாம்பல் நிறத் திரை ஏறியது. அப்போதுதான் பயம் வந்தது.

என் பயத்துக்கு மற்றவர்களைவிட ஒரு காரணம் கூடுதல். என் இடது கண் சின்ன வயதிலிருந்தே பேருக்குத்தான் கண். வலது கண்ணை மூடினால் எதிரில் நிற்பவர் ஆளா கதவா என்று தெரியும், அவ்வளவுதான். இது என் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனதற்கு நானே பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் கண் பரிசோதனை நடந்தது. உயரம் என்பதால் என்னைக் கடைசியில் நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் நாற்பது பிள்ளைகள் அதே எழுத்துகளை உரக்கப் படித்தார்கள். என் முறை வந்து வலது கண்ணை மூடியபோது சுவரில் ஒரு வெள்ளைத் துணி மட்டும் தெரிந்தது. எழுத்துகள் எல்லாம் காதில் இருந்தன. ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன், கெட்டிக்காரி என்று தட்டிக் கொடுத்தார்கள். அன்று உளறியிருந்தால் ஒரு கண்ணாடியோடு விஷயம் முடிந்திருக்கும்.

என் கணவர் அருள்தாஸ் மின்துறையில் மீட்டர் அளவு எடுப்பவர். கருக்களாச்சேரி பக்கம் அவருடைய வட்டம். மீட்டரில் காட்டுகிற எண்ணைத் தவிர வேறு எண்ணை வாழ்நாளில் எழுதியதில்லை என்று பெருமை உண்டு. சொந்த மச்சான் வீட்டு மீட்டரைக்கூட இரண்டு முறை பார்த்து எழுதுகிறவர். திரை விழுந்ததைப் போனில் சொன்னதும் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அளவுக் கருவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வண்டியோடு வந்துவிட்டார். உள்ளூர் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, "இன்னைக்கே தஞ்சாவூர் போயிடுங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார்.  திருவாரூர் தாண்டுவதற்குள் திரை பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் வேடிக்கையான இடம். கண் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்தை விட்டு எல்லோரையும் கண்ணை மூடி உட்காரச் சொல்லிவிடுகிறார்கள். ஐம்பது அறுபது பேர் கண்ணை மூடியபடியே பக்கத்தில் இருப்பவரிடம் ஊர், பிள்ளைகள், எந்தக் கண், யார் செய்த சமையல் எல்லாம் விசாரிக்கிறார்கள். முகம் தெரியாமலேயே எனக்கு அங்கே மூன்று தோழிகள் கிடைத்தார்கள். மருந்து வேலை செய்தபிறகு அவர்கள் யாரென்று பார்க்க முடியவில்லை, எல்லாம் கூசியது.

எங்கள் டாக்டர் சின்னப் பெண். எனக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான். ஆனால் பேச்சில் ஒரு குழைவும் கிடையாது, எனக்கு அதுதான் பிடித்தது.

"விழித்திரைன்னு சொல்றது கண்ணுக்குப் பின்னால ஒட்டியிருக்கிற மெல்லிசான படலம். உங்களுக்கு அதுல கிழிசல் விழுந்து, தண்ணி பூந்து, செவுத்துத் தாள் உரிஞ்ச மாதிரி உரிஞ்சு வந்துருக்கு. நடுப்பகுதியும் உரிஞ்சிடுச்சு. ஒட்ட வைக்கிறேன். எவ்வளவு பார்வை திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

"இடது கண்ணுல ஒண்ணும் தெரியாதுங்க டாக்டர்."

அவர் அந்தக் கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கண்ணுல நோவே இல்லைங்க. திரை நல்லாருக்கு, நரம்பு நல்லாருக்கு. பவர் மட்டும் ரொம்ப அதிகம்."

"அப்ப ஏன் தெரியல?"

"கண்ணு பாக்குது. மூளை வாங்கிக்கல."

நாற்பத்தாறு வயதில் என் கண்ணைப்பற்றி எனக்கே தெரியாத செய்தியை ஒருவர் சொல்கிறார். அருள்தாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். 

மறுநாள் அறுவை சிகிச்சை. கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்து, உள்ளே இருக்கும் கூழை எடுத்துவிட்டு, விழித்திரையை ஒட்டி, அது மறுபடி உரியாமல் அழுத்திப் பிடிக்க சிலிகான் எண்ணெய் நிரப்புகிறார்கள். வலி இல்லை. முகத்தை மூடிய துணிக்கு அடியில் நான் ஜெபமாலையில் பாதி சொல்லிக் கணக்குத் தவறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். எண்ணிக்கையில் தவறினால் முதலிலிருந்து என்பது வேலையில் வந்த பழக்கம். இரண்டாவது சுற்று முடிவதற்குள் கட்டுப் போட்டுவிட்டார்கள். செலவில் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. மிச்சத்தை அருள்தாஸ் என்னிடம் சொல்லவே இல்லை, நானும் இன்றுவரை கேட்கவில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். எண்ணெய் விழித்திரையின் மேல் அழுந்தி நிற்க வேண்டுமானால் பத்து நாள் குப்புற இருக்க வேண்டும். தூங்கும்போதும், சாப்பிடும்போதும் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் ஒரு நாடாக் கட்டில் எனக்காகக் காத்திருந்தது. தலைமாட்டில் நான்கு நாடாக்களை வெட்டி, ஓரத்தில் பழைய துண்டைச் சுற்றித் தைத்து, முகம் மட்டும் பதிகிற மாதிரி அருள்தாஸ் ஒரு ஓட்டை போட்டிருந்தார். அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தன் முகத்தை வைத்துப் பார்த்துக் கொஞ்சம் சின்னதாகப் போட்டாராம்.

அந்த ஓட்டை வழியாகத்தான் மிச்ச ஏழு நாளும் உலகத்தைப் பார்த்தேன், அதுவும் இடது கண்ணால் மட்டும். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள், இடது பக்கம் சோடா பாட்டில் அடி போலத் தடிமன். அதைப் போட்டும் ஆட்களின் கால்கள் மங்கிய திட்டுகளாகத்தான் தெரிந்தன. எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து பார்க்க வந்தவர்கள் என்னோடு பேச வேறு வழி தெரியாமல் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்தார்கள். எங்கள் பங்குச் சாமியாரும் அங்கியைச் சுருட்டிக்கொண்டு தரையில் படுத்து என் நெற்றிக்குக் கீழிருந்து ஆசீர்வாதம் செய்தார். சிரித்தால் கண் ஆடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது ஆறாம் நாள். மேலதிகாரி நல்ல மனிதர், போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாலு மாதம் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வரும்போது பார்வைச் சான்று வேண்டும். அது போதாது என்றால் பலகை வேலை கிடையாது, பதிவேட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். சம்பளம் குறையாது என்று இரண்டு முறை சொன்னார். எனக்குச் சம்பளம் பெரிதாகத் தோன்றவில்லை. ஒரு நெல்லைப் பார்த்த மாத்திரத்தில் இது இந்த ரகமில்லை என்று கை தானாக ஒதுக்குமே, அந்தக் கணம் போய்விடுமே என்றுதான் அழுதேன். குப்புறப் படுத்து அழுதால் கண்ணீர் கன்னத்தில் இறங்காது. நேராகத் தரையில் சொட்டும்.

பத்தாம் நாள் மறுபரிசோதனை. விழித்திரை ஒட்டிக்கொண்டது, ஆனால் நடுப்பகுதி ரொம்பவும் அடிபட்டிருந்தது. வலது கண்ணில் இனி கையசைவும் பெரிய உருவங்களும்தான் தெரியும் என்று டாக்டர் நேராகவே சொன்னார். அதே மூச்சில் இடது கண்ணுக்கு வந்தார். தலையின் பின்பக்கம் கையை வைத்துக் காட்டினார்.

"பார்க்கிற மூளை இங்க இருக்கு. அங்க இருக்கிற நரம்பு அணு ஒவ்வொண்ணும் ரெண்டு கண்ணுலேர்ந்தும் சேதி வாங்கத் தயாரா பொறக்குது. ஒரு அணு இன்னொரு அணுவுக்குச் சேதி சொல்ற எடம் இருக்கு, சினாப்ஸ்னு சொல்லுவோம். நரம்புச் சந்திப்புன்னு வச்சுக்கங்க. அடிக்கடி சேதி போற சந்திப்பு பலமாகும். போகாதது மெலிஞ்சிரும். உங்க இடது கண்ணு சின்ன வயசுல கலங்கலாவே அனுப்புனதால, வலது கண்ணு எல்லா எடத்தையும் புடிச்சுக்கிச்சு. அதோட நிக்கல, இடது பேச்ச அமுக்கிகிட்டே இருந்துச்சு."

"இப்ப வலது பேசல."

"ஆமா. அமுக்க ஆளில்ல."

"அப்ப இடது வந்துருமா டாக்டர்?"

"எட்டு வயசுக்கு மேல மாறாதுன்னு முன்னாடி புத்தகத்துல எழுதியிருந்தாங்க. அது முழுசா சரியில்லைன்னு இப்ப தெரியுது. சிலருக்கு நல்லா வருது, சிலருக்கு வர்றதே இல்ல. நான் உறுதி சொல்ல மாட்டேன். கண்ணாடியப் போட்டுகிட்டு தெனம் ரெண்டு மணி நேரம் கிட்டத்து வேலை செய்யுங்க. மணி கோருங்க, அரிசியில கல்லுப் பொறுக்குங்க. சுலபமா இருக்கக் கூடாது, முடியாததாவும் இருக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் கனகவல்லி அக்கா வந்தார். நெடுங்காட்டுக்காரர், வீட்டில் இன்றும் நெல் விவசாயம். டாக்டர் சொன்னதை அருள்தாஸ் அப்படியே ஒப்பிக்க, அக்கா நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"புரிஞ்சிடுச்சு. தண்ணி வுடாத வாய்க்கா எங்கயும் போயிடாது. தூந்துதான் கெடக்கும். தூர் வாரணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க்கா."

"கல்லுப் பொறுக்குறதெல்லாம் நமக்கு எதுக்கு? நம்ம தொழில நாம செய்வோம்."

அவர் செய்த ஏற்பாடு எங்கள் பரிசோதனைக் கூடத்தில் நடக்கிற மாதிரியே இருந்தது. அங்கே எங்களுக்கு வரும் பையில் எண் மட்டும்தான் இருக்கும். யாருடைய நெல், எந்த ஊர் என்று தெரியாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும். அதேபோல அக்கா தன் வயல் நெல்லைச் சுத்தமாகக் கழித்து, எழுபது கிராம் நிறுத்து, அதில் புல் விதைகளை எண்ணிக் கலந்து பை கட்டுவார். எத்தனை விதை என்று ஒரு சீட்டில் எழுதி மடித்து ஒட்டிவிடுவார். நான் பொறுக்கி எண்ணிச் சொல்ல வேண்டும். பிறகு அருள்தாஸ் சீட்டைப் பிரித்துப் பார்ப்பார். ஒவ்வொரு மாதத்துக்கும் தேவையான பைகளை அக்கா வரிசை எண் போட்டு மொத்தமாகக் கொடுத்துவிடுவார்.

"எத்தன வந்துச்சுன்னு என்கிட்ட சொல்லாதீங்க" என்று அருள்தாஸிடம் சொன்னார். "தெரிஞ்சா பாவம் பாத்து நான் கம்மியா போட்டுருவேன். சீட்டெல்லாம் பத்திரமா வைங்க, கடைசியில பாத்துக்குவோம்."

முதல் நாளை மறக்க முடியாது. வலது கண்ணாடியில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஒரு நெல்லைத் தனியாக எடுத்துக் கையில் வைத்தால் இடது கண்ணுக்குத் தெரிந்தது. பலகையில் பரப்பியதும் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழுப்புக் கூழாகிவிட்டது. இப்படி மூளை ஒதுக்கிய கண்ணுக்குச் சோம்பல் கண் என்று பெயர், அதன் குணமே அதுதான் என்று பிறகு டாக்டர் சொன்னார். தனியாக இருப்பதைக் காணும், கூட்டத்தில் தொலைத்துவிடும். இரண்டு மணி நேரம் விரலால் தடவி, மூக்கு உரசும்வரை குனிந்து, மூன்று விதை எடுத்தேன்.

"மூணுங்க" என்றேன்.

அவர் சீட்டைப் பிரித்தார். கொஞ்சம் நேரமானது.

"மூணுதான் போட்டுருக்காங்க. கரெக்டா இருக்கு."

நான் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். மறுநாள் நான்கு, சீட்டிலும் நான்கு. அதற்கடுத்த நாள் இரண்டு, சீட்டிலும் இரண்டு. முதல் மாத முடிவில் தஞ்சாவூரில் டாக்டர் சுவரில் எழுத்துகளைக் காட்டியபோது ஒரு வரிகூட முன்னேற்றம் இல்லை. எனக்குக் கவலையே வரவில்லை. கிட்டத்தில் நன்றாகத்தான் பார்க்கிறேன், தூரத்துக்குக் கொஞ்சம் நாளாகும் என்று அவருக்கே நான் ஆறுதல் சொன்னேன். பக்கத்தில் அருள்தாஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் மாதத்தில் ஏதோ நடந்தது. எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் பலகையில் பழுப்புக் கூழுக்குள் ஒரு நெல்லுக்கு ஓரம் இருந்தது. பிறகு பக்கத்து நெல்லுக்கும் ஓரம் வந்தது. நுனியில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அது தெரிந்தது. எத்தனையோ லட்சம் நெல்லைப் பார்த்திருக்கிறேன், இந்தக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எழுந்து வீடு முழுக்க நடந்தேன். காலண்டரில் கிழமை, அடுப்படியில் கடுகு டப்பாவின் துரு, வாசலில் போகிற பேருந்தின் தலையில் 'நெடுங்காடு' என்ற எழுத்தில் கடைசி 'டு' மட்டும். ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தேன். பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அந்த முறை தஞ்சாவூரில் இரண்டு வரி கூடுதலாகப் படித்தேன். படித்துவிட்டு எனக்கே சந்தேகம் வந்தது.

"டாக்டர், வேற எழுத்து மாத்திக் காட்டுங்க."

"ஏன்?"

"நான் மனப்பாடம் பண்ணுற ஆளு."

ஏழு வயதில் செய்த திருட்டுத்தனத்தைச் சொன்னேன். அந்தக் கறாரான பெண் முதல் தடவையாகச் சிரித்தார். எழுத்துகளை மாற்றிக் காட்டினார், அதே இரண்டு வரிகள் வந்தன. மூன்றாம் மாத முடிவில் இன்னும் இரண்டு வந்தன.

வீட்டில் பொறுக்கும் கணக்கும் ஏறிக்கொண்டே போனது. ஆறு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு. அக்கா நாளுக்கு நாள் விதையைக் கூட்டிப் போடுகிறார், என்னை வாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் சீட்டு என்னோடு ஒத்துப்போனது. தொண்ணூறு நாள் ஒத்துப்போனது. அங்கேதான் உறுத்த ஆரம்பித்தது. எங்கள் தொழிலில் விடை தவறினால் பெரிதாகக் கவலைப்பட மாட்டோம், மறுபடி பார்ப்போம். விடை ஒருபோதும் தவறாமல் வந்தால்தான் தராசையே கழற்றிப் பார்ப்போம். இரண்டு கண்ணும் நன்றாக இருந்த காலத்திலேயே நான் மாதத்தில் ஒன்றிரண்டு விட்டவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து பலகையில் உட்கார்ந்தேன். பதின்மூன்று விதை கிடைத்தது. ஐந்தை இடது உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

"எட்டுங்க."

அருள்தாஸ் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். சீட்டைப் பிரித்தார். அவர் முகம் விழுந்தது. உதடு லேசாகத் தொங்கி, கண்ணுக்குக் கீழே ஒரு சோர்வு ஓடி, உடனே அதை அவர் துடைத்தெறிந்தது வரை எனக்குத் தெரிந்தது. இடது கண்ணால், மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

"எட்டுதான்" என்றார். "சரியா இருக்கு."

நான் கையைத் திறந்து மேசையில் வைத்தேன்.

"அப்ப இது அஞ்சும் யாரோட விதைங்க?"

அவர் விதைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருட்டு மின்சாரம் எடுத்துப் பிடிபட்டவர்கள் அவரிடம் எப்படி விழிப்பார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"மொத நாள்லேர்ந்து."

"மொத நாள் எத்தன போட்டுருந்தாங்க?"

"பன்னெண்டு." தலையைக் குனிந்துகொண்டார். "மூணுன்னு நீ சொன்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன் ஸ்டெல்லா. பன்னெண்டுன்னு சொல்ல வாய் வரல. ஒரு நாளைக்குத்தானேன்னு சொன்னேன். அப்புறம் எங்க நிறுத்துறதுன்னு தெரியல."

கோபம் வந்தது. இல்லை என்று எழுதினால் அது பொய். தொண்ணூறு நாள் என்னைக் குழந்தையாக்கிவிட்டாரே என்று வந்தது. இன்னொரு பக்கம் பயமும் வந்தது. ஏறிய கணக்கெல்லாம் பொய் என்றால், அடுத்த வாரம் சான்று வாங்கி எந்த முகத்தோடு பலகையில் உட்காருவேன்? அவர் எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

"நெசம் இதுல இருக்கு. எழுதி வைக்காம இருக்க எனக்கு முடியல."

டப்பா நிறையச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பேனாவில் அக்காவின் எண், பக்கத்தில் பென்சிலில் என் எண். தேதி வாரியாக அடுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் போட்டிருந்தார். ஒவ்வொரு சீட்டுக்குள்ளும் அன்று நான் பொறுக்கிய விதைகளை மடித்து வைத்திருந்தார். மீட்டர்க்காரர் அல்லவா. வாயால் பொய் சொன்னாலும் ஏட்டில் பொய் எழுத வரவில்லை.

முதல் கட்டு: பன்னிரண்டுக்கு மூன்று. பதினான்குக்கு நான்கு. பதினொன்றுக்கு இரண்டு.  ஐந்தாவது கட்டில் பன்னிரண்டுக்கு ஆறு. ஏழாவதில் பதின்மூன்றுக்கு ஒன்பது. அக்கா விதையைக் கூட்டவே இல்லை. எப்போதும் பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில்தான் போட்டிருக்கிறார். ஏறியது என் கண். கடைசிக் கட்டுக்கு வந்தேன். பன்னிரண்டுக்குப் பதினொன்று. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. பத்துக்குப் பத்து. பதினைந்துக்குப் பதினைந்து. நான் அப்படியே நிமிர்ந்து பார்த்தேன். அவர் சட்டை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒம்போது நாளா, ஒரு நாளத் தவிர, நீ சொல்றதும் சீட்டும் நெசமாவே ஒத்துப்போவுது" என்றார். "அத எப்படி உன்கிட்ட சந்தோசமா சொல்றது? சொன்னா முன்னாடி சொன்னது தெரிஞ்சிடும். தனியா மாடிக்குப் போய்ச் சிரிச்சிகிட்டு வந்தேன்."

நானும் சிரித்தேன். சிரித்தால் கண் ஆடும் என்கிற கட்டுப்பாடெல்லாம் எப்போதோ முடிந்திருந்தது.

ஒரு சீட்டு மட்டும் இடித்தது. இரண்டு நாள் முந்தியது. பேனாவில் பதினான்கு, பென்சிலில் பதினைந்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"அன்னைக்கு நீ ஒண்ணு கூட எண்ணிட்ட" என்றார். "உமியக் கிமிய எடுத்திருப்பே. சரி போகட்டும்னு விட்டுட்டேன்."

சீட்டைப் பிரித்து விதைகளை வெள்ளைப் பலகையில் கொட்டினேன். பூதக் கண்ணாடியை எடுத்தேன். ஒவ்வொன்றாக இடுக்கியால் திருப்பினேன். உமி இல்லை, தூசி இல்லை. பதினைந்தும் புல் விதை. மூன்று முறை எண்ணிவிட்டு நெடுங்காட்டுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, எம்பத்தொம்போதாம் நம்பர் பையில எத்தன போட்டீங்க?"

"சீட்டுல இருக்குமே. நான் போட்டது போட்டதுதான்."

"பதினாலுன்னு இருக்கு. பதினஞ்சு கெடைக்குது."



"நான் கழிச்ச நெல்லுலயா?" என்றார். "இரு, வர்றேன்."

முக்கால் மணி நேரத்தில் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. அக்கா காபி வேண்டாம் என்றார், உட்காரவும் இல்லை. தன் பூதக் கண்ணாடியை, தன் இடுக்கியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நின்றபடியே பலகையில் குனிந்து எண்ணினார். வரிசை மாற்றி எண்ணினார். மூன்றாவது முறை ஐந்தைந்தாகக் கூட்டி எண்ணினார். பிறகு ஒரு விதையைத் தனியாக ஓரத்துக்குத் தள்ளி, வெகுநேரம் பார்த்தார்.

"இது என் வயக்காட்டுப் புல்லு" என்றார். "நான் கலந்ததுல்ல. நெல்லோடவே வந்துருக்கு. ரெண்டு கண்ண வச்சுகிட்டு நான் விட்டுருக்கேன்."

அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தான் தோற்றதை ஒருவர் அப்படிக் கொண்டாடி நான் பார்த்ததில்லை. டப்பாவின் கதையை அருள்தாஸ் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கேள்விக்குறி போட்டது நீங்கதானா?"

"ஆமாங்க்கா."

"ரீடிங்க நம்பணுங்க."

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதி உண்டு. எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். அக்கா என் மேசையில் இருந்த பேனாவை எடுத்து, சீட்டில் பதினான்கை அடித்து, பதினைந்து என்று எழுதி, ஒப்பமிட்டார். பேனாவை அருள்தாஸிடம் நீட்டினார். அவர் தன் கேள்விக்குறியை அடித்து ஒப்பமிட்டார். பிறகு அக்கா சீட்டின் அடியில் நிதானமாக ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே 'பரிசோதித்தவர்' என்று எழுதி, சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நாலு மாதமாக அந்த வார்த்தைக்கு மேலே நான் கையெழுத்துப் போட்டதில்லை. கோடு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று இடது கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தது. கோட்டைத் தாண்டாமல் போட்டேன்.